சங்க லாரியின் என்ஜின் எண்ணெயை எப்பொழுது மாற்றுவது?

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடாமல் பாரம் ஏற்றும் வழக்கம் நம் கிராமங்களில் என்றும் இருந்ததில்லை. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து, வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். மை வறண்டுவிட்டால் அச்சு கிறீச்சென்று கூவும். வண்டிக்காரன் உறங்கினாலும் எதிரே வருகிறவன் சொல்லிவிடுவான். மோட்டார் என்ஜினோ அவ்விதம் முன்கூட்டி முறையிடுவதில்லை. எண்ணெய் கெட்ட பின்பும் அது பல ஆயிரம் கிலோமீட்டர் வழக்கம்போலவே ஓடும். சத்தம் காதில் விழுகிற நாளில், எண்ணெயை மாற்றியும் பயனில்லை என்கிற நிலைமை வந்திருக்கும்.

2005ஆம் ஆண்டில் இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினுடன் டாடா ஏஸ் என்னும் சிறு லாரி விற்பனைக்கு வந்தது. அதற்குப் பின் அதைப் போன்ற சிறு வண்டிகளும், அவற்றினும் சற்றுப் பெரிய பிக்கப் லாரிகளும் கிராமந்தோறும் பெருகியிருக்கின்றன. பால் கேன்களைக் குளிர்நிலையத்துக்கும், காய்கறிகளைச் சந்தைக்கும், உர மூட்டைகளை ரயிலடியிலிருந்து கிடங்குக்கும் கொண்டு செல்வது இவ்வண்டிகளே. சங்கமே இப்படிப்பட்ட வண்டியை வாங்கி நடத்தும் இடங்களில் பஞ்சாயத்தாரிடையே அடிக்கடி எழுகிற கேள்வி ஒன்று உண்டு. என்ஜின் எண்ணெயை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்? ஒர்க்‌ஷாப்பு மேஸ்திரி 5,000 என்பார். வண்டியுடன் வந்த புத்தகத்தில் 10,000 என்றோ அதற்கு மேலாகவோ அச்சிட்டிருக்கும். எண்ணெய் விற்கிறவர் தமது சரக்கு 15,000 வரை தாங்கும் என்பார். டிரைவரோ, கறுத்தால் மாற்றிக் கொள்ளலாம் என்பார். இந்நால்வரில் முதல் மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. நாலாவது கூற்று முற்றிலும் தவறு. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்த எண்ணெய் உள்ளே என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்பொழுது கிராங்க் தண்டு ஒரு விநாடியில் 50 தடவை சுழல்கிறது. அத்தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஓர் எண்ணெய்ப் படலம் நிற்கிறது. அதன் கனம் தலைமயிரின் பருமனில் பல பங்கில் ஒரு பங்கே. வண்டியின் பாரமும், சிலிண்டரில் டீசல் வெடிக்கும் வேகமும் எல்லாம் அப்படலத்தின் மேலேயே இறங்குகின்றன. டர்போ பொருத்திய என்ஜின்களில், அந்த டர்போவின் சிறு தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதையும் தாங்கி நிற்பது எண்ணெயே. தேய்மானத்தைத் தடுப்பதோடு எண்ணெயின் வேலை முடிவதில்லை. தண்ணீர் சென்றடையாத பிஸ்டனின் அடிப்பாகத்திலிருந்து உஷ்ணத்தை எடுத்துச் செல்வதும், ரிங்குகளுக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள சந்தை அடைப்பதும், டீசல் எரிவதில் உண்டாகும் புளிப்பான அமிலங்களை முறிப்பதும், கரியைக் கழுவித் தன்னுள் வைத்துக்கொள்வதும் அதன் வேலைகளே.

இந்தக் கடைசி வேலையைக் கவனித்தால் டிரைவரின் கூற்று ஏன் தவறு என்பது தெரியும். டீசல் எரிந்தால் கரி உண்டாகும். நல்ல எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ள கழுவும் மருந்துகள் அக்கரியை உலோகத்தின் மேல் படியவிடாமல் நுண்தூளாகப் பிரித்து மிதக்கவிடுகின்றன. ஆகையால் புது எண்ணெய் ஊற்றிய சில நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே கறுத்துப் போவது டீசல் என்ஜினில் இயல்பு. வீட்டைப் பெருக்கிய துடைப்பத்தில் அழுக்கு ஒட்டியிருப்பதைப் போன்றது அது. எண்ணெய் கறுத்தது கெட்டதற்கு அடையாளமும் அன்று. கறுக்காதிருப்பது நல்லதற்கு அடையாளமும் அன்று. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து ஆயுளைக் கணிக்கும் வித்தையை நம்பிச் சங்கத்தின் முதலை ஒப்படைக்கக் கூடாது.

எண்ணெய் கெடுவது கண்ணுக்குத் தெரியாத வழிகளிலேயே. உஷ்ணத்தினாலும் காற்றினாலும் அது மெல்ல மெல்லத் தடித்துக் கசடாகிறது. உஷ்ணம் 10 டிகிரி உயருந்தோறும் இந்த மாறுதலின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ரசாயன சாஸ்திரத்தின் பொது விதி. அமிலத்தை முறிக்கும் மருந்து செலவழிந்து தீருகிறது. அது தீர்ந்த பின் அமிலம் பேரிங் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். மிதக்கும் கரி அளவுக்கு மிஞ்சினால் எண்ணெய் குழம்பாகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் வழியாக இறங்கிக் கலந்தால் எண்ணெய் நீர்த்துப் போகும். என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்கு முன் நிறுத்தப்பட்டால், எரிவதில் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயில் இறங்கும். இவை எல்லாவற்றிலும் கொடியது நம் மண்சாலையின் புழுதி. புழுதி என்பது பெரும்பாலும் பொடி மணல். அது எஃகையும் தேய்க்க வல்லது. கிழிந்த ஏர் பில்ட்டர் வழியாகவோ, சரியாக இறுக்காத ரப்பர்க் குழாய் வழியாகவோ அது உள்ளே சென்றுவிட்டால், எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் சாணைக்கல்லில் விட்ட எண்ணெயாகவே முடியும். எண்ணெய் விஷயத்தில் கவனமாயிருந்து ஏர் பில்ட்டரை மறந்துவிடும் சங்கம், வாசலை அடைத்துவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்ததைப் போன்றதே.

புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணைப் பற்றி இனிக் கூறுவோம். அவ்வெண் பொய்யன்று. ஆனால் பெரும்பாலான புத்தகங்களில் அதன் அருகிலோ அடுத்த பக்கத்திலோ வேறொரு வாசகமும் இருக்கும். புழுதி நிறைந்த இடங்களில் ஓட்டுதல், அடிக்கடி நின்று நின்று செல்லுதல், குறுந்தூரப் பயணம், முழுப் பாரத்துடன் ஓட்டம், நின்றபடியே என்ஜினை நெடுநேரம் ஓடவிடுதல் ஆகியவற்றைக் கடினமான உபயோகம் என்று குறித்து, அவ்விதமான வண்டிகளில் எண்ணெயை முன்னதாகவே மாற்றச் சொல்லியிருக்கும். பாதித் தூரத்திலேயே மாற்றச் சொல்லும் புத்தகங்களும் உண்டு. கடினமான உபயோகம் என்றவுடன் சுரங்கத்தில் கல் ஏற்றும் வண்டி நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அந்த வர்ணனை நம் சங்கத்தின் பால் வண்டிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

ஒரு சங்கத்தின் வண்டியைக் கணக்குக்காக எடுத்துக் கொள்வோம். அது நாள் ஒன்றுக்கு 60 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் ஓடுகிறது. ஆண்டு ஓட்டம் 18,000 கிலோமீட்டர். விடியற்காலையிலும் மாலையிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் நின்று கேன் ஏற்ற வேண்டும். ஒவ்வோரிடத்திலும் பாலை அளந்து, சீட்டு எழுதி, கேனைத் தூக்கி வைக்கும் வரை என்ஜின் நிறுத்தப்படுவதில்லை. மறுபடி கிளப்புவதற்கு டிரைவர் சோம்பல்படுவார். அல்லது பாட்டரி பழையதாயிருக்கும். இவ்விதம் நாள் ஒன்றுக்கு 2 மணி நேரம் நின்றபடியே ஓடுகிறது என்று வைத்துக் கொண்டால் ஆண்டுக்கு 600 மணி நேரம் ஆகிறது. சக்கரம் சுழலாத இந்த 600 மணி நேரத்தை கிலோமீட்டர் மீட்டர் காட்டவே காட்டாது. எண்ணெய்க்கோ அத்தனையும் உழைப்பே. அதிலும் என்ஜின் தாழ்ந்த உஷ்ணத்தில் நின்று ஓடும்பொழுது டீசல் சரிவர எரியாததால் கரியும் நீர்த்தலும் அதிகம்.

பெரிய பிக்கப் வண்டிகளை உற்பத்தி செய்யும் அமெரிக்கக் கம்பெனி ஒன்று, நின்று ஓடும் ஒரு மணி நேரத்தை 25 மைல் ஓட்டத்துக்கு, அதாவது ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குச் சமமாகக் கணக்கிடச் சொல்கிறது. நம் வண்டி அதைவிடச் சிறியதாயினும் இக்கணக்கை உத்தேசமாகக் கொள்ளலாம். 600 மணி நேரம் 24,000 கிலோமீட்டருக்குச் சமம். மீட்டர் காட்டிய 18,000 கிலோமீட்டரையும் சேர்த்தால், என்ஜின் உழைத்தது 42,000. புத்தகத்தில் உள்ளபடி 10,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினோம் என்று நாம் திருப்தியடைந்திருக்கும்பொழுது, அந்த எண்ணெய் 23,000க்கு மேல் உழைத்துத் தீர்ந்திருக்கிறது. 5,000 கிலோமீட்டரில் மாற்றியிருந்தாலோ அதன் உழைப்பு ஏறத்தாழ 11,700. புத்தகம் எண்ணியிருந்த அளவுக்கு அதுவே அருகில் இருக்கிறது. மேஸ்திரி சொன்ன 5,000 எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாதிருக்கலாம். ஆயினும் இவ்வகையான வண்டிக்கு அவர் சொன்னதே சரி. நகரத்திலிருந்து நகரத்துக்கு நெடுஞ்சாலையில் நாள் ஒன்றுக்கு 300 கிலோமீட்டர் செல்லும் காய்கறி வண்டிக்குப் புத்தகத்தின் எண்ணே போதும். அதற்கு 5,000 என்பது வீண் செலவு.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். கேன் ஏற்றும்பொழுது என்ஜினை நிறுத்திவிடும் பழக்கத்தினால் 2 மணி நேரம் என்பது 1 மணி நேரமாகக் குறையுமானால், ஆண்டு உழைப்பு 42,000லிருந்து 30,000 ஆகிவிடும். டீசலும் மிச்சம். பழைய பாட்டரியை மாற்றுவதற்குப் பஞ்சாயத்தார் தயங்குவது எவ்வளவு செலவுக்கு இடமாகிறது பாருங்கள். ஆனால் டர்போ உள்ள வண்டி முழுப் பாரத்துடன் மேடேறி வந்து நின்றவுடன் உடனே நிறுத்தலாகாது. ஒரு நிமிஷமாவது தணிய ஓடவிட்ட பின்பே நிறுத்த வேண்டும். இல்லாவிடில் டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் அங்கேயே தீய்ந்து கரியாகும்.

செலவைப் பற்றி மனம் கலங்குகிறவர்களுக்காக அதையும் கணக்கிட்டுவிடலாம். 5 லிட்டர் எண்ணெய், லிட்டர் 350 ரூபாய் வீதம் 1,750 ரூபாய். பில்ட்டர் 300 ரூபாய். கூலி 250 ரூபாய். ஆகத் தடவைக்கு 2,300 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 2 தடவைக்குப் பதிலாக 4 தடவை மாற்றினால் அதிகச் செலவு 4,600 ரூபாய். 18,000 கிலோமீட்டரில் பகிர்ந்தால் கிலோமீட்டருக்கு 26 பைசாவுக்கும் குறைவு. டீசல் லிட்டர் 96 ரூபாயும், வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் என்றால், டீசல் செலவு மட்டும் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் ஆகிறது. எட்டு ரூபாயைப் பற்றிக் கேள்வி கேளாமல் கால் ரூபாயைப் பற்றி மகாசபையில் வாதிடுவது நியாயமாகாது. எண்ணெய் கெட்டு என்ஜினைத் திறக்க நேர்ந்தால், ரிங்கு, பேரிங், கிராங்க் தண்டு கடைசல், பிஸ்டன் என்று செலவு சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தை எட்டக்கூடும். அத்தனை நாளும் பால் நிற்காது. இரண்டு வேளையும் கறந்துகொண்டேயிருக்கும். வாடகை வண்டி பிடித்தாக வேண்டும். அது தாமதித்துப் பால் திரிந்தால், அந்த நஷ்டம் ஒரு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழை அங்கத்தினரின் பட்டுவாடாவிலேயே முதலில் வந்து விழும். சேமநிதியில் கை வைக்கும்படியான நிலைமை அடுத்ததாக வரும்.

5,000, 3,000 முதலிய எண்கள் எங்ஙனம் வழக்கத்துக்கு வந்தன என்பதைச் சற்றுச் சொல்லலாம். மோட்டார் வண்டிகளின் ஆரம்ப காலத்தில் எண்ணெயில் மருந்து எதுவும் கிடையாது; எண்ணெய் பில்ட்டரும் கிடையாது. 500, 1,000 மைலுக்கு ஒரு தடவை மாற்றுவது அக்காலத்தில் இன்றியமையாததாயிருந்தது. 1923ல்தான் பியூரோலேட்டர் என்னும் எண்ணெய் பில்ட்டர் அமெரிக்காவில் தோன்றியது. டீசல் டிராக்டர்கள் வந்தபொழுது அவற்றின் பிஸ்டன் ரிங்குகள் கசடு பிடித்து ஒட்டிக்கொண்டன. அக்குறையை நீக்க, கழுவும் மருந்து சேர்த்த எண்ணெய்கள் 1930களில் உண்டாயின. பின்னர் 3,000 மைல், அதாவது ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் என்னும் எண் மேல்நாட்டில் நெடுங்காலம் வேதவாக்காக விளங்கிற்று. இன்றைய எண்ணெயும் பில்ட்டரும் அக்காலத்தவற்றினும் எவ்வளவோ மேலானவை. ஆகவே எல்லா வண்டிக்கும் 5,000 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் தவறு. நம் பால் வண்டிக்கு அவ்வெண் பொருந்துவது அதன் வேலையினாலேயன்றி வழக்கத்தினால் அன்று.

தூரம் எவ்வளவாயினும், காலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அறுவடைக் காலத்தில் மட்டும் ஓடிப் பின்பு கொட்டகையில் நிற்கும் வண்டி 2,000 கிலோமீட்டரே ஓடியிருந்தாலும் எண்ணெயில் இறங்கிய ஈரமும் அமிலமும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். புத்தகத்தில் ஓராண்டு என்று குறித்திருந்தால், கடினமான உபயோகத்தில் ஆறு மாதம் என்று கொள்வது நலம். கொட்டகையில் நிறுத்தப் போகும் வண்டியின் எண்ணெயை மறுபடி எடுக்கும்பொழுது மாற்றுவதே வழக்கமாயிருக்கிறது. நிறுத்துவதற்கு முன்பு மாற்றுவதே மேல். அழுக்கெண்ணெய் என்ஜினுக்குள் மாதக்கணக்கில் ஊறாமலிருக்கும்.

எந்த எண்ணெய் என்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். டப்பாவின் மேல் இரண்டு குறிப்புகள் இருக்கும். 15டபிள்யூ-40 என்பது போன்றது எண்ணெயின் அடர்த்தியைக் குறிப்பது. டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிரில் அது எவ்வளவு இளகியிருக்கும் என்பதையும், பின்னுள்ள எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டும். மற்றொன்று ஏ.பி.ஐ. என்ற எழுத்துக்களுடன் வரும் தரக் குறிப்பு. சி என்று தொடங்கினால் டீசலுக்கும், எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கும் உரியது. சி.எச்.-4க்குப் பின் சி.ஐ.-4 வந்தது, 2016 முதல் சி.கே.-4 வழங்குகிறது. புத்தகத்தில் குறித்த தரத்துக்குக் குறைந்ததை ஊற்றுவது எக்காரணத்தாலும் கூடாது. பம்புசெட்டுக்காக வாங்கிய எண்ணெய் மிச்சமிருக்கிறதென்று வண்டிக்கு ஊற்றும் சிக்கனம் சிக்கனமன்று.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பாரத் நிலை 6 வண்டிகளின் விஷயம் தனியாகக் கவனிக்கத் தக்கது. இவ்வகை டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து நிறுத்தும் ஒரு வடிகட்டி உண்டு. பழைய வகை எண்ணெயிலுள்ள சில மருந்துகள் எரிந்து சாம்பலாகி அவ்வடிகட்டியில் படியும். கரியை எரித்துப் போக்கலாம்; சாம்பலைப் போக்க முடியாது. விலையுயர்ந்த அவ்வடிகட்டி அடைபடாமலிருக்க, சாம்பல் குறைந்த எண்ணெயையே உபயோகிக்கும்படி உற்பத்தியாளர் எழுதியிருப்பார். அன்றியும், சில வண்டிகளில் வடிகட்டியிலுள்ள கரியை எரிப்பதற்காகச் சிலிண்டருக்குள் அதிகப்படி டீசல் பீய்ச்சப்படுகிறது. குறுந்தூரம் ஓடி நின்று நின்று செல்லும் வண்டியில் இந்தச் சுத்திகரிப்புப் பாதியிலே தடைபட்டு மறுபடி மறுபடி தொடங்கும். அப்பொழுது டீசல் எண்ணெயில் கலந்து, எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயரும். எண்ணெய் செலவழியாத நல்ல என்ஜின் என்று டிரைவர் மகிழ்வார். மட்டம் உயர்ந்தால் அது ஆபத்தின் அறிகுறி. 5,000 ஆகவில்லையே என்று காத்திராமல் ஒர்க்‌ஷாப்பில் காட்டி எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

மட்டத்தைச் சமதரையில், என்ஜினை நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும். குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் இரு குறிகளுக்கு நடுவே எண்ணெய் நிற்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது இதைச் செய்தல் அவசியம். மேல் குறிக்கு அதிகமாக ஊற்றுவதும் தீங்கே; தண்டு அடித்து எண்ணெயை நுரையாக்கிவிடும். பால் கலந்த காப்பியின் நிறத்தில் எண்ணெய் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அறிந்து வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மாற்றும் விதத்தைப் பற்றி மெக்கானிக்குகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் அருகில் இருந்து கவனிக்க வேண்டியவை சில உண்டு. வண்டி சற்று ஓடி வந்த சூட்டிலேயே எண்ணெயை இறக்க வேண்டும். ஆறிய எண்ணெய் கசடை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கும். ஒவ்வொரு தடவையும் பில்ட்டரும், அடிப்போல்ட்டின் வாஷரும் புதியனவாக இருத்தல் வேண்டும். பழைய பில்ட்டரில் தங்கிய அழுக்கெண்ணெய் புது எண்ணெயுடன் கலப்பது, கழுவாத குடத்தில் நல்ல தண்ணீர் பிடிப்பதற்கு ஒப்பாகும். பில்ட்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குவது போதும். பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பின் புதியதைப் பொருத்த வேண்டும். இரண்டு வளையம் சேர்ந்தால் நடுவழியில் எண்ணெய் முழுதும் வெளியேறிவிடும்.

மேற்சொன்னவை எல்லாம் தெரிந்திருந்தும் சங்க வண்டிகளின் எண்ணெய் ஏன் தவறிப் போகிறது? தனி மனிதன் தன் வண்டிக்கு மறவாமல் செய்வதைச் சங்கம் மறக்கிறது. டிரைவர் காரியதரிசியிடம் சொல்வார். காரியதரிசி, அடுத்த பஞ்சாயத்தில் அனுமதி பெற்றுச் செய்யலாம் என்பார். அன்று கோரம் இல்லாமல் கூட்டம் ஒத்திவைக்கப்படும். அடுத்த கூட்டத்தில் உர விநியோகம் பேசி நேரமாகிவிடும். இதற்குள் 3,000 கிலோமீட்டர் கடந்திருக்கும். இதில் எவர் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை, முறையே குற்றமுள்ளது. எண்ணெய் மாற்றுதல் தடவை தோறும் அனுமதி கேட்கத் தக்க செலவன்று. ஆண்டின் தொடக்கத்திலேயே, இன்ன வண்டிக்கு இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அதன்படி, இன்ன தரத்து எண்ணெயும் பில்ட்டரும் காரியதரிசி மாற்றிவிட்டுப் பில்லைச் சமர்ப்பிக்க வேண்டியது என்று ஒரே தீர்மானமாக நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். அந்த எண்ணை நிர்ணயிக்கையில் மேலே காட்டியபடி வண்டியின் நிற்கும் நேரத்தையும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

வண்டியிலேயே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். மாற்றிய தேதி, மீட்டர் எண், எண்ணெயின் தரம், பில் நம்பர், இடையில் ஊற்றிய அளவு, டிரைவரின் கையெழுத்து ஆகியவை அதில் ஏறினால் போதும். இடையில் ஊற்றும் அளவு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வந்தால் ரிங்கு தேய்கிறது என்பது ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமலே தெரிந்துவிடும். அடுத்து மாற்ற வேண்டிய மீட்டர் எண்ணை ஒரு சீட்டில் எழுதி டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்கலாம். டிரைவர் மாறினாலும், காரியதரிசி மாறினாலும் சீட்டு மாறாது. உத்தரவாதக் காலத்தில் என்ஜின் பழுதானால், உரிய காலத்தில் உரிய எண்ணெய் மாற்றியதற்கு அந்தப் பில்களே சாட்சி. நாலைந்து வண்டி வைத்து நடத்தும் பெரிய சங்கங்கள், இறக்கிய எண்ணெயில் ஒரு சிறு புட்டி எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். இரும்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, அமிலம் முறிக்கும் சக்தி எவ்வளவு மிச்சம் என்று அவர்கள் அளந்து சொல்வார்கள். ஒற்றை வண்டிச் சங்கத்துக்கு அச்செலவு வேண்டாம்.

இறக்கிய எண்ணெயைப் பற்றியும் கூற வேண்டும். வேலிக்காலுக்குக் கறையான் மருந்தாகப் பூசுவதும், புழுதி அடங்கக் களத்தில் தெளிப்பதும், வாய்க்காலில் கவிழ்ப்பதும் பல ஊர்களில் காணப்படுகின்றன. ஒரு வண்டியிலிருந்து ஒரு தடவை இறக்கிய எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா மதிப்பிட்டிருக்கிறது. நம் தேசத்திலும் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவாகவே கருதப்படுகிறது. சுத்திகரிக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடமே அது சேர வேண்டும். சங்கக் கொட்டகையில் மூடியுள்ள ஒரு டிரம்மை வைத்து, அங்கத்தினர்களின் டிராக்டர், பம்புசெட்டு எண்ணெயையும் அதிலேயே சேர்த்து, நிறைந்தவுடன் அத்தகையவரிடம் விற்றுப் பணத்தைச் சங்கக் கணக்கில் வரவு வைக்கலாம். தண்ணீரோ, பெயிண்டோ, பூச்சிமருந்தோ அதில் கலந்துவிட்டால் எவரும் வாங்க மாட்டார்.

காலி டப்பாவையும் அப்படியே கடையில் போட்டுவிட்டு வரக்கூடாது. நல்ல கம்பெனியின் முத்திரையுள்ள டப்பாவில் வடிகட்டிய பழைய எண்ணெயை அடைத்து மறுபடி விற்கும் மோசடி உண்டு. டப்பாவின் கழுத்தைக் கத்தியால் அறுத்து, மேல் சீட்டைக் கிழித்துவிட்ட பின்பே அதை வெளியே விட வேண்டும். எண்ணெய் வாங்கும்பொழுது மூடியின் முத்திரை உடையாதிருக்கிறதா என்று பார்த்து, பில்லுடன் வாங்கி, டப்பாவை வண்டியருகில் சங்கப் பிரதிநிதியின் கண்ணெதிரிலேயே திறக்கச் சொல்ல வேண்டும்.